ஜீவிதாவின் வலது கன்னம்

பந்தலூர் பஜாரில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் அருள்ராஜிடம் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. வாங்கிய காலத்தில் அது நல்ல கம்ப்யூட்டர்தான். எந்தக் காலம் என்று கேட்டுவிடாதீர்கள், அவனுக்குக் கோபம் வரும். நெல்லியாளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்களில் கல்யாணமோ காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, எல்லா முகமும் அதன் வழியாகத்தான் பேனர் ஏற வேண்டும். பத்தடி பேனருக்கான படத்தைத் திறந்தால் அதற்கு மூச்சு வாங்கும்.

அதை ஓட்டும் வித்தை அவன் கைக்கு வந்திருந்தது. போட்டோஷாப் செட்டிங்கில் போய், இருக்கிற ரேமில் முக்கால் பங்கை அதற்கே ஒதுக்கிவிடுவான். முழுதும் கொடுத்தால் விண்டோஸ் படுத்துக்கொள்ளும். ரேம் போதாதபோது பாரத்தை இறக்கி வைக்க டி டிரைவைக் காட்டிவிடுவான். அதற்கு ஸ்க்ராட்ச் டிஸ்க் என்று பெயர். பிரவுசரை மூடுவான். மிச்சம் இருப்பது ஹிஸ்டரி. செய்த வேலையில் எத்தனை படி பின்னால் போகலாம் என்கிற கணக்கு அது. ஒவ்வொரு படியும் மெமரியைத் தின்னும் என்பதால் ஐம்பதை ஐந்தாகக் குறைத்து வைத்திருந்தான். கைத்திறமை இல்லாதவனுக்குத்தான் பின்னால் போகிற வேலை என்று சொல்லிக்கொள்வான். கொஞ்சம் திமிர்தான், வேறென்ன.

அவனுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்துக் கறுத்த முகங்களுக்கு நடுவே வளர்ந்தவன். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "கொஞ்சம் கலராப் போடுங்க." கேட்காதவர்களுக்கும் அவனாகவே நிறம் ஏற்றுவான், மரு எடுப்பான், பருவை அழிப்பான். செத்தவர்களுக்கு இன்னும் பார்த்துப் பார்த்துச் செய்வான். அதைப் புண்ணியம் என்றே நினைத்திருந்தான், பாவம்.

போன ஆடி மழையில் ஆண்டாயி தன் தம்பி வடிவேலோடு கடைக்கு வந்தாள். எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். மகள் ஜீவிதா காய்ச்சலில் போய்விட்டாள், கல்யாண வயசு. பதினாறாம் நாளுக்கு லயத்து வாசலில் பேனர் வைக்க வேண்டும்.

"மாரியம்மன் திருவிழாவுல நீங்க எடுத்தீங்களே தம்பி, அந்தப் படம் வேணும். மத்த எதுலயும் அவ மூஞ்சியக் காட்ட மாட்டா. திருப்பிக்குவா. அன்னிக்கு ஒரு நாள்தான் நேராப் பாத்துச் சிரிச்சா."

படம் டி டிரைவில் திருவிழா ஃபோல்டரில் இருந்தது. கேமரா கார்டில் அதற்கு மேல் எத்தனையோ கல்யாணம் ஏறிவிட்டது. அவர்கள் போனதும் உட்கார்ந்தான். கூட்டத்திலிருந்து அந்த முகத்தை வெட்டி எடுத்துப் பெரிதாக்கினான். வலது கன்னத்தில், காதுக்குக் கீழிருந்து வாயோரம் வரை வெந்த தழும்பு. பாவம் பிள்ளை என்று மனம் இளகியது. மெனக்கெட்டு, இடது கன்னத்துத் தோலை எடுத்து அங்கே பூசினான். அழகாக வந்தது. பெயரும் தேதியும் போட்டு சேவ் கொடுத்தபோது, ஸ்க்ராட்ச் டிஸ்க்கில் இடமில்லை என்று கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. டி டிரைவில் பெரிய சாமான் திருவிழா ஃபோல்டர்தான். படம்தான் பேனருக்குள் வந்துவிட்டதே! ஃபோல்டரை ஒரேயடியாக அழித்தான். முகம், பெயர், தேதி என்று தனித்தனியாக இருந்த லேயர்களை எல்லாம் ஒன்றாக்கினான். சேவ் ஆகிவிட்டது. காலையில் காட்ட வேண்டுமே என்று மூடாமல் அப்படியே விட்டுவைத்தான்.

மறுநாள் பார்க்க வந்தார்கள். வடிவேலுக்குப் பிடித்துவிட்டது. "நல்லாக் கலரா இருக்கே அக்கா."

ஆண்டாயி திரையையே பார்த்தாள். "கன்னம் எங்க தம்பி?"

"எடுத்துட்டேன் அக்கா. நல்லா இருக்கட்டும்னு..."

"கொதிதண்ணியத் தரையில எறக்கி வெச்சது நான். தத்தித் தத்தி வந்து இழுத்துட்டா. அவ அப்பனுக்குக் கூடத் தெரியும், நான்தான் பாக்காம விட்டேன்னு. அத நான் தெனமும் பாத்தேன். இனியும் பாக்கோணும். நீங்க ஏன் தம்பி அழிச்சீங்க?"

அருள்ராஜ் பின்னால் போகும் பொத்தானை அமுக்கினான். லேயர்கள் பிரிந்தன, தேதி போனது, பெயர் போனது. ஐந்தாவது படியோடு நின்றுவிட்டது, தழும்பு வரவில்லை. அழிந்த ஃபைலை மீட்கும் சாஃப்ட்வேரை ஓட்டினான். ஃபோல்டர் இருந்த இடத்தில் ஸ்க்ராட்ச் டிஸ்க் ஏறி உட்கார்ந்திருந்தது. கிடைத்த படத்தில் நெற்றி இருந்தது, கண்கள் இருந்தன, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

"அந்தப் படம் இல்ல அக்கா. நான்தான் அழிச்சேன்."

அவள் திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலை. அவளோ ஸ்டூலை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, கொழுந்துக் கறை ஏறிய விரலைத் திரையில் வைத்தாள்.

"இங்கருந்து தொடங்கும்."

அவள் விரல் போன வழியே அவன் மவுஸை நகர்த்தினான். நடுவில் அகலம், வாயோரத்தில் ஊசி முனை. ஓரம் கறுப்பு, உள்ளே வெளுப்பு. மருந்து போட்டுப் போட்டு அவள் விரலுக்கு அது தெரிந்திருந்தது. தப்பாகப் போனால், "இல்ல தம்பி" என்று மட்டும் சொன்னாள். வடிவேல் வெளியே போய் மழையைப் பார்த்து நின்றுகொண்டான்.

கடைசியில் தழும்பு வந்துவிட்டது. தன் வேலை என்று அருள்ராஜாலேயே நம்ப முடியவில்லை.

"சரியா இருக்குங்களா அக்கா?"

"இருக்கு," என்றாள் ஆண்டாயி. விரலைத் திரையிலிருந்து எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "ரெண்டாந் தடவையும் நானே போட வேண்டியதாப் போச்சே தம்பி."