கோட்டுக்கு மேலே ஏறிய பிள்ளை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். உம்மா மௌத்தாகிப்போனதால் தம்பிமார் இருவரையும் பார்க்க வீட்டில் வேறு ஆள் இருக்கவில்லை. எதிலும் முதலாம் இடத்தில் வரும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. என் மகனின் கிளினிக் கார்ட்டில் அது வந்துவிட்டதாக ஒரு வருடம் முழுவதும் நம்பிக்கொண்டிருந்தேன்.

எடை குறிக்கும் அந்தக் கார்ட்டில் வளைந்து மேலே போகும் கோடுகள் இருந்தன. மற்றப் பிள்ளைகளின் புள்ளிகள் கோடுகளுக்கு உள்ளேயோ கீழேயோ கிடக்கும். என் மகனின் புள்ளி எல்லாக் கோட்டுக்கும் மேலே, வெள்ளைத் தாளில் தனியாக நின்றது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவதற்கு முன்பே கார்ட்டை எடுத்துக் காட்டினேன்.

அப்படி மகிழ்ந்ததற்குக் காரணம் இருந்தது. எனது முதல் பிள்ளை பெண். கோழிக்குஞ்சு போல மெலிந்து பிறந்தாள், நான்காம் நாள் போய்விட்டாள். அதற்குப் பிறகு மெலிந்த எதைக் கண்டாலும் எனக்குப் பயம். எலும்பு தெரியும் பூனை வாசலுக்கு வந்தால்கூட அதற்குச் சோறு வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர் ஆண்கள் சவூதிக்குப் போகத் தொடங்கினார்கள். என் கணவருக்கு ஒரு வீட்டில் டிரைவர் வேலை கிடைத்தது. சமையலுக்கும் ஆள் வேண்டுமென்றார்கள், நானும் போனேன். கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் பிறந்த வளவிலேயே இருந்து பிள்ளை பெறுவாள். இன்னொருவர் வீட்டில், இன்னொருவர் சாப்பாட்டில் எப்படி வாழ்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

அங்கே இரண்டாம் வருடம் மகன் வயிற்றில் தங்கினான். ஊரில் என்றால் உம்மாவின் தங்கை, பக்கத்து வளவிலிருந்து எங்களுக்கும் சோறு தந்து வளர்த்த என் சாச்சி, முருங்கையிலைச் சுண்டலும் மீன் ஆணமும் தந்து, பின்னேரத்தில் கடற்கரை வரை நடக்கவும் வைத்திருப்பா. அங்கே வெளிக்கதவு எந்நேரமும் பூட்டித்தான் இருக்கும். குசினிக்கும் அறைக்கும் இடையில்தான் என் நடை. வீட்டுக்கார அம்மா நல்ல மனுசி. நெய்ச்சோறும் இறைச்சியும் பேரீச்சம்பழமும் தட்டு நிறைய வைத்து, முடியும் வரை பக்கத்தில் நிற்பா. முதல் மாதம் குமட்டியது. பிறகு பழகினேன். பழகியதில் ஒரு பெருமையும் வந்தது. தேத்தண்ணிக்கு நாலு கரண்டி சீனி, தண்ணீருக்குப் பதிலாகச் சோடா, வாய் சும்மா இருந்தால் சொக்லட். இந்தப் பிள்ளை மெலியாது என்று வயிற்றைத் தடவிக்கொள்வேன்.

ஏழாம் மாதம் நான் மட்டும் ஊர் திரும்பினேன். மகன் ஒன்பது றாத்தலில், நாலு கிலோ நிறையில், பிறந்தான். அவனைப் பார்க்க வரிசையில் வந்தார்கள், "அறபிப் புள்ள" என்று பெயர் வைத்தார்கள். இடுப்பில் போட்ட வெள்ளி அரைஞாண் இறுகிப் போக, மூன்று முறை தட்டாரிடம் கொண்டுபோய்க் கண்ணி கூட்டினேன். மூன்றாம் முறை தட்டார், "இன்னும் ரெண்டு தரம் வந்தா உங்களுக்கே போடலாம்" என்றார். அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். நானும் அங்கே பழகிய சாப்பாட்டை விடவில்லை. கணவர் பெட்டி பெட்டியாகப் பால்மா டின்னும் சொக்லட்டும் அனுப்பினார். நான் தின்பதையெல்லாம் அவனும் கேட்டான்.

இரண்டரை வயதில் ஒன்றைக் கவனித்தேன். அவன் வயதுப் பிள்ளைகள் ஒழுங்கையில் ஓடினார்கள். இவன் பத்தடி நடந்து குந்திவிடுவான், மூச்சு வாங்கும். கண்ணூறு என்று நினைத்தேன். பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதுவித்த தண்ணீர் கொடுத்தேன், மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். மூச்சு வாங்குவது நிற்கவில்லை.

கிளினிக்கில் எடை பார்க்கிற தாதியை மிஸ்ஸி என்போம், கல்முனைத் தமிழ் ஆள். அந்த மாதம் என்னைக் கண்டதும் சிரித்தா.

"என்ன தங்கச்சி, கார்ட்டக் கொடி மாதிரித் தூக்கிக்கிட்டு வாறீங்க?"

"இந்த முறையும் மேலதான் வரும் மிஸ்ஸி."

"இது சோதினப் பேப்பரெண்டா நினைச்சீங்க? மேல போகப் போக நல்லமெண்டு ஆர் சொன்ன?"

சுற்றியிருந்த தாய்மார் சிரித்தார்கள். என் காது சுட்டது. மிஸ்ஸி என்னை வாங்கில் இருத்தி, குரலைத் தாழ்த்தி, பிள்ளை வயிற்றில் இருக்கும்போது என்ன சாப்பிட்டேன், இப்போது என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டா. எல்லாம் சொன்னேன். முதல் பிள்ளையைப் பற்றியும் சொன்னேன்.

"வயித்துக்குள்ள இருக்கக்குள்ளயே உங்கட ருசி இவனுக்குப் பழகிட்டுதோ என்னவோ, உறுதியாச் சொல்ல நான் டொக்டர் இல்ல. ஆனா இப்ப உங்கட சோத்துக் கோப்பையப் பாத்துத்தான் வளர்றான். எடையக் குறைக்க வேணாம். அது அப்பிடியே நிக்கட்டும், புள்ள உயரட்டும். முதல்ல நீங்க மாறுங்க."

அன்று முழுவதும் எனக்கு இதே யோசனைதான். சாப்பாட்டைக் குறைத்தால் இவனும் போய்விடுவானோ? குறைக்காவிட்டால் மூச்சு நின்றுவிடுமோ? கேட்க உம்மா இல்லை, கணவர் கடலுக்கு அப்பால். அடுத்த நாள் காலையில் என் தேத்தண்ணியில் சீனி போடாமல் குடித்தேன். கசந்தது. டின்களைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றினேன். குரக்கன் கூழும் பொன்னாங்காணியும் மீனும் சோறும் இருவருக்கும் ஒரே கோப்பையில் வைத்தேன். மூன்று நாள் அவன் கோப்பையைத் தட்டிவிட்டான். சத்தம் கேட்டுச் சாச்சி ஓடி வந்தா.

"என்னகா செய்றாய்? ஒண்டை மண்ணுக்குக் குடுத்தாய். இதையும் பட்டினி போட்டுக் கொல்லப் போறியா?"

நான் கோப்பையை எடுத்துக்கொண்டு போகவில்லை.

"பட்டினி இல்ல சாச்சி. நீங்க என்னை வளர்த்த சாப்பாடுதான் இது."

சாச்சி குந்தி, மீனில் முள் களைந்து அவன் வாயில் ஒரு பிடி வைத்தா. அவன் விழுங்கினான்.

அந்த நாட்களில் சவூதியிலிருந்து கடிதத்தோடு கசட்டும் வரும். கணவர் தன் குரலைப் பதிந்து அனுப்புவார். அடுத்த கசட்டில், "புள்ளைக்கு டின் முடிஞ்சா சொல்லு, பெரிய பெட்டியா அனுப்புறன்" என்றிருந்தார். பதில் கசட்டில் நான் முதல் முறையாக அவருக்கு மறுப்புச் சொன்னேன். "இனி டின் வேணாம். உடுப்பு அனுப்புங்க, ஒரு அளவு நீளமா." நான்கு முறை அழித்து அழித்துப் பதிந்தேன், குரல் நடுங்காமல் வரும் வரை.

பின்னேரங்களில் அவனைக் கடற்கரைக்கு நடத்திக் கூட்டிப் போனேன். முதலில் பாதி வழியில் குந்தினான், பிறகு முக்கால் வழியில். கரைவலை இழுப்பவர்கள் "அறபி வாறான்" என்று கயிற்றின் நுனியைக் கையில் கொடுப்பார்கள். எட்டு மாதத்தில் அவன் எனக்கு முன்னால் போய் நின்று, "கெதியா வாங்க உம்மா" என்று கூப்பிட்டான். அன்று மணலில் இருந்துகொண்டு அழுதேன். சந்தோசம்தான், ஆனால் முகத்தை மறைத்துக்கொண்டேன், அதற்கும் கண்ணூறு பட்டுவிடும் என்று.

மறுவருடம் கணவர் விடுமுறையில் வந்தார். வாசலில் பெட்டிகளை இறக்கிவிட்டு, படத்தில் பார்த்த கொழுத்த பிள்ளையைத் தேடினார்.

"எங்க என்ட மகன்? இது ஆர்ட புள்ள?"

"உங்கட புள்ளதான்."

"இளைச்சிட்டானே."

"இளைக்கல்ல. எடை நிண்டது, ஆள் வளந்துட்டான்."

அவர் நம்பாமல் தூக்கப் போனார். மகன் நழுவி ஒழுங்கையில் ஓடினான். பிடிக்கவென்று பின்னால் ஓடிய கணவர், சவூதிச் சாப்பாட்டில் வந்த வயிற்றோடு, மூன்றாம் வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மகன் சந்தி வரை ஓடித் திரும்பி வந்தான். மூச்சு வாங்கவில்லை.

"உங்களையும் மிஸ்ஸியிட்டக் கூட்டிக்கிட்டுப் போகவா?" என்று கேட்டேன்.

அவர் வேலியை விடாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வேலிகளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் முன்னால் என் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தியபடி உள்ளே வந்தேன்.