துரூசில்லா அத்தைக்கு அரசாங்கம் தந்த மருமக்கள்

ஸ்கல்பின் குடா என்ற மீனவ ஊரில் கதவைத் தட்டுகிறவர்கள் இரண்டே பேர்: சாவுச் செய்தி கொண்டுவரும் பாதிரியார், வழக்குக் கொண்டுவரும் போலீஸ். மற்றவர்கள் நேரே அடுப்படிக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் அன்று கதவு தட்டப்பட்டதும் துரூசில்லா பார்டிக்கு நெஞ்சு திக்கென்றது.

"யாரு போயிட்டா?" என்று கேட்டபடியே கம்பை ஊன்றி எழுந்து வந்து திறந்தாள்.

"யாரும் போகல, மிஸஸ் பார்டி. என் பேரு கார்லீ. சுகாதார ஆபீஸ்லேருந்து உங்களை மதிப்பீடு பண்ண வந்திருக்கேன்."

"என்னையா? என் புருஷன் நாப்பது வருஷம் மதிப்பீடு பண்ணிப் பாத்துட்டு, ஆளைவிடுன்னு செத்தே போயிட்டான். நீ உள்ள வா கண்ணு, டீ ஆறிடும்."

அவளை மிஸஸ் பார்டி என்று யாரும் கூப்பிட்டதில்லை. வயதில் மூத்தவள் என்றால் அந்தக் குடாவில் எல்லாருக்கும் அத்தைதான். ரத்தம் ஒட்டுகிறதா என்று யாரும் உரசிப் பார்ப்பதில்லை. உண்மையான மருமகன் ஒருவன் உண்டு. அவளுடைய அண்ணன் அசரையாவின் ஒரே மகன் வில்ஃப். எண்ணெய்க் கிணற்று வேலைக்கு நாட்டின் மறுகோடியில் இருக்கும் ஆல்பர்ட்டா போனவன், கிறிஸ்துமஸுக்குப் பனிப் படம் போட்ட அட்டை அனுப்புவான், அத்தை ஊரில் பனிக்குப் பஞ்சம் என்பதுபோல.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இடுப்பு மக்கர் செய்யத் தொடங்கியதிலிருந்து குளியல் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. துணியை நனைத்துத் துடைத்துக்கொள்வதுதான் குளியல். தன் மேல் வாடை அடிக்கிறதோ என்ற கூச்சத்தில் தேவாலயத்தில் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். வாரம் இரண்டு முறை அரசாங்கச் செலவில் ஒரு பெண் வந்து கைபிடித்துத் தொட்டியில் இறக்கினால் போதும், சொந்த வீட்டிலேயே காலத்தை ஓட்டிவிடலாம். இல்லாவிட்டால் டவுனில் இருக்கும் முதியோர் இல்லம். அங்கே போனவர்களில் திரும்பி வந்தவர்கள் எல்லாரும் பெட்டிக்குள் படுத்துத்தான் வந்தார்கள்.

கார்லீ மடியில் ஒரு கணினிப் பலகையை வைத்துக்கொண்டாள். மீனவனுக்கும் மந்திரிக்கும் அதில் ஒரே கேள்விதான், ஒரே அளவுகோல்தான்.

"போன மூணு நாள்ல மனசு சோர்ந்து போச்சா?"

"மீன்பிடிக்கக் கூடாதுன்னு கடலை மூடினாங்களே, அன்னிலேருந்து சோர்ந்துதான் கிடக்கு. இதுல எந்த மூணு நாளுன்னு சொல்லுவேன்?"

"அதுக்குக் கட்டம் இல்லை," என்று கார்லீ வருத்தத்தோடு 'இல்லை'யைத் தொட்டாள்.

இதற்குள் வாசலில் புதுக் கார் நிற்பது குடா முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஹெட்லி கீப்பிங் தட்டாமல் உள்ளே வந்து, "எப்படி இருக்கே அத்தை?" என்று கேட்டுவிட்டு, பாகு ரொட்டியை எடுத்து வாயில் திணித்துக்கொண்டான். பின்னாலேயே அவன் மனைவி மெல்வினா. அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். வந்தவர்கள் எல்லாரும் அத்தை, அத்தை என்றார்கள். கார்லீயின் விரல் ஒவ்வொரு 'அத்தை'க்கும் ஓர் உறவுக் கட்டத்தைத் தொட்டது.

"குளிக்க உதவி வேணுமா, மிஸஸ் பார்டி?"

ஹெட்லி மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான். ஓர் ஆம்பிளை உட்கார்ந்திருக்கும்போது தன் குளியலைப் பற்றிப் பேச துரூசில்லாவுக்கு நாக்கு எழவில்லை.

"முதல் தரமா இருக்கேன்," என்றாள்.

எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் அந்த ஊரில் அதுதான் பதில். அவள் புருஷன் எலியோலும் ஒருநாள் காலையில் முதல் தரம் என்றான். மத்தியானம் அவனுக்குக் குழி வெட்டக் கிளம்பினார்கள்.

"அத்தைக்கு ஒண்ணுன்னா நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று மெல்வினா நெஞ்சில் கை வைத்தாள். "ஒரு குரல் கொடுத்தா போதும், ஓடி வந்துட மாட்டோமா?"

கார்லீயின் கண் கலங்கிவிட்டது. அதற்கும் ஒரு கட்டத்தைத் தொட்டுக்கொண்டு போனாள்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. மதிப்பெண் குறைவு, அதாவது தேவை குறைவு. மருமக்கள் பலர் அருகிலேயே இருந்து பராமரிப்பதால் குளிப்பாட்ட ஆள் தேவையில்லை. அதற்குப் பதிலாக இரண்டு சேவைகள்: கீழே விழாமலிருக்கக் கற்றுத்தரும் உடற்பயிற்சி வகுப்பு, டவுனில்; பனிக்காலத்தில் அங்கே போகும் வழியில்தான் எல்லாரும் விழுவது. இன்னொன்று, தனிமையைப் போக்க வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு. அது சரியாக அவள் நாலு பேரோடு சீட்டாடும் நேரத்தில் வரும். "தனிமையா உணர்றீங்களா?" என்று ஒரு பெண் கேட்பாள். "நீ போனை வைச்சேன்னா ஜெயிச்சிடுவேன் கண்ணு," என்பாள் துரூசில்லா.

கடிதத்தை அவள் கிழித்துப்போடவில்லை. மறுநாள் மெல்வினா டீக்கு வந்து உட்கார்ந்ததும் குளியல் துண்டு ஒன்றை எடுத்து அவள் மடியில் போட்டாள்.

"என்ன அத்தை இது?"

"அரசாங்கம் உன்னை எனக்கு மருமகளாக்கிடுச்சுடி. குரல் கொடுத்தா ஓடி வருவேன்னியே, கொடுத்துட்டேன். வெந்நீர் வச்சாச்சு, வா."

மெல்வினாவின் முகம் உப்பு மீன்போல வெளுத்தது. சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? குளிப்பாட்டினாள். இடுப்புவரை வெந்நீர் ஏறியபோது துரூசில்லா கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீர் ஆறும்வரை திறக்கவில்லை. அடுத்த வாரமும் கூப்பிட்டாள். அதற்கடுத்த வாரம் மெல்வினா டீக்கே வரவில்லை; துரூசில்லா தானே கம்பை ஊன்றிப் போய்க் கையோடு கூட்டிவந்தாள்.

அன்று தொட்டியிலிருந்து எழும்போது துரூசில்லா வழுக்கினாள். தாங்கிப் பிடித்த மெல்வினா தலையோடு கால் நனைந்தாள். நனைந்த சட்டையோடே அடுப்படித் தொலைபேசியை எடுத்துச் சுகாதார ஆபீசைக் கூப்பிட்டாள்.

"மருமகளா? யாரு மருமக? எங்கம்மா வடக்குக் கரை ஸ்டிக்லண்ட் வீடு. இவ பொறந்தது ஸ்னூக் வீடு, வாழ்க்கைப்பட்டது பார்டி வீடு. எங்க பாட்டனார் பார்டி வீட்டு வலையை அறுத்துவிட்டவரு! நாலு தலைமுறையா எங்களுக்குள்ள பொண்ணு கொடுத்ததில்ல, எடுத்ததில்ல. இருக்கறதெல்லாம் பகைதான்!"

மறுமுனையில் கார்லீ சட்டென்று சுறுசுறுப்பானாள். "பகையா? அதுக்குக் கட்டம் இருக்கே! வேற சொந்தக்காரங்க?"

"ஆல்பர்ட்டாவுல ஒருத்தன், அட்டை அனுப்பறதோட சரி! ஆம்பிளைங்க முன்னாடி குளியலைப் பத்திக் கேட்டா எந்தப் பொம்பளை வாயைத் திறப்பா? இப்ப கேளு!"

பகைக்கு மதிப்பெண், தொட்டிக்கு மதிப்பெண், ஆல்பர்ட்டாவுக்கும் ஏதோ சில்லறை. எல்லாம் கூடித் தகுதிக்கோட்டைத் தாண்டிவிட்டது. துரூசில்லா துண்டைச் சுற்றிக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்து, தன் வம்சத்துக்கு விழுந்த ஒவ்வொரு வசவுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே மெல்வினா ஒன்றுமே நடக்காததுபோல வந்து, "எப்படி இருக்கே அத்தை?" என்று ரொட்டிக்குக் கை நீட்டினாள்.

"முதல் தரம்," என்று தட்டை நகர்த்திவைத்தாள் துரூசில்லா.

அடுத்த மாதம் வாரம் இரண்டு முறைக்கு ஆள் வந்தது. பக்கத்துக் குடாவைச் சேர்ந்த ஜாய்ஸி, தோள் அகன்ற பெண். தட்டாமல் உள்ளே வந்து, பூட்ஸைக் கழற்றியபடியே, "எப்படி இருக்கீங்க அத்தை?" என்றாள்.

துரூசில்லா சன்னல் வழியே தெருவை எட்டிப் பார்த்துவிட்டு உதட்டில் விரல் வைத்தாள்.

"மிஸஸ் பார்டின்னு கூப்பிடுடி என் தங்கமே. யாராவது எழுதிக்கிட்டுப் போயிடப் போறாங்க."