ஓடாத லிஃப்டின் சத்தம்

வானொலியில் வருஷக்கணக்காக ஊர்க் குறைகளைப் பேசிவருகிறவளுக்கு வீட்டில் மரியாதை அவ்வளவாகக் கிடையாது.

"உன் நிகழ்ச்சியால ஊரே திருந்திடுச்சு. அப்படியே நம்ம சமையலறைக் குழாயையும் ஒரு பேட்டி எடுத்துடேன், ஒழுகறது நிக்குதா பார்ப்போம்" என்பார் கணவர். அவள் குழாய்க்கடியில் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். வெளியே அவளுக்குப் பெயர் மைக்கக்கா.

அந்த வாரம் அவள் போனது அரசுக் குடியிருப்பு ஒன்றுக்கு. ஆறாவது மாடியில் துணி தேய்த்துப் பிழைக்கும் இஸ்திரிக்காரம்மாவின் புருஷனுக்குப் பக்கவாதம். விடாமல் பயிற்சிக்குக் கூட்டிவந்தால் கை கால் வரும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். லிஃப்ட் நின்று மாசக்கணக்காகிறது, புகார் கொடுத்தும் பலனில்லை. அன்றிலிருந்து மனுஷனுக்குக் கட்டிலைவிட்டால் ஜன்னல், ஜன்னலைவிட்டால் கட்டில்.

"ஒரே ஒரு தடவை நாற்காலியோட தூக்கி இறக்கினோம் மைக்கக்கா. பாதிப் படியில இவரு சொல்றாரு, 'என்னை இங்கயே வச்சிடுங்க, போறவங்க வர்றவங்க சில்லறை போடுவாங்க'ன்னு. சிரிக்கறதா, அழறதா?"

கட்டிலில் இருந்தவர் கோணிய வாயால் சிரித்தார்.

மைக்கக்காவுக்குத் தொழில் சிக்கல் ஒன்று. ஒழுகும் குழாய்க்குச் சத்தம் உண்டு, உடைந்த சாலைக்கும் உண்டு. ஓடாத லிஃப்டுக்கு என்ன சத்தம்? கீழே வந்து, கதவோரம் மைக்கைப் பிடித்துப் பொத்தானை அழுத்தினாள். டக். அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் கொஞ்ச நேரம் பதிவு செய்துகொண்டு வந்தாள்.

நிலையத்தில் ஒலிகளை வெட்டி ஒட்டுகிறவர் சவுண்டு அண்ணன். நல்ல மனிதர்தான், கை மட்டும் சும்மா இருக்காது. வானொலியில் மௌனம் விழுந்தால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி பதறுவார். அவள் பக்கத்தில் இல்லாத நேரத்தில், ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து, லைப்ரரி என்று அவர்கள் சொல்லும் ஒலிச் சேமிப்பிலிருந்து அருமையான லிஃப்ட் ஓசை ஒன்றை எடுத்துச் செருகிவிட்டார். டக், டிங், கதவு வழுக்கித் திறக்கும் சத்தம். நிகழ்ச்சி அப்படியே ஒலிபரப்பானது.

மறுநாள் குடியிருப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"கேட்டேம்மா, பிரமாதம்" என்றார் அலுவலர். "லிஃப்டுதான் நல்லா ஓடுதே! கதவு திறக்கற சத்தம் எங்க ஆபீஸ் முழுக்கக் கேட்டுச்சு. புகாரை முடிச்சாச்சு."

"சார், அது லைப்ரரி சத்தம்!"

"லைப்ரரியில லிஃப்ட் எதுக்கும்மா?"

சவுண்டு அண்ணன்மேல் பாய்ந்தாள்.

"நீ கொண்டு வந்ததுல ஒண்ணுமே இல்லையேம்மா."

"அதுதாண்ணே சேதியே!"

நிலைய இயக்குநர் பெருந்தன்மையாக, வானிலைக்கு அப்புறம் ஒரு வரி திருத்தம் வாசிக்கச் சொன்னார். வாசித்தார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு. முடிந்த புகார் முடிந்ததுதான் என்றது அலுவலகம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டிருந்தாலும் பரவாயில்லை. இவள் வெட்டியதில் இருந்த கிணறும் தூர்ந்துபோயிற்று.

அடுத்த நிகழ்ச்சியை லிஃப்ட் கதவடியிலிருந்தே நேரடியாகப் பேச, இயக்குநரிடம் அடம்பிடித்து அனுமதி வாங்கினாள். "அண்ணே, இந்தத் தடவை கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அலுவலரை இணைப்பில் எடுத்தார்கள். குடியிருப்பே கூடி நின்றது. பொத்தானை அழுத்தினாள். டக். மைக்கை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். நிலையத்தில் சவுண்டு அண்ணனுக்கு உயிரே போயிருக்கும். ஆனாலும் எதையும் தொடவில்லை.

"ஹலோ? லைன் கட்டாயிடுச்சா? ஒண்ணும் கேக்கலையே" என்றார் அலுவலர்.

"அதேதான் சார். இவங்களுக்கும் மாசக்கணக்கா அதுதான் கேக்குது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அலுவலர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா. பழசு முடிஞ்சுபோச்சு. புதுசா ஒரு புகார் குடுக்கச் சொல்லுங்க. வரிசைப்படி பார்க்கறோம்."

அதற்குள் நேரம் முடிந்து இசை வந்துவிட்டது. கூட்டமும் கலைந்தது.

"நல்லாத்தான் மடக்கினீங்க" என்றாள் இஸ்திரிக்காரம்மா. "மேல ரேடியோவை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. இன்னிக்கு எப்படியும் இறங்கிடலாம்னு காலையிலயே தேய்ச்ச சட்டை போட்டாச்சு. எல்லாத்தையும் கேட்டிருப்பாரு. நீங்களும் வாங்க, என்னால தனியா அவரு மூஞ்சியைப் பார்க்க முடியாது." இரண்டு அடி போய்த் திரும்பினாள். "வர்றதுதான் வர்றீங்க, தேய்க்க வாங்கின இந்தத் துணிமூட்டைங்கள்ல ஒண்ணைப் பிடிங்க."

மைக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மூட்டையைத் தூக்கினாள் மைக்கக்கா. ஐந்தாவது மாடியில் மூச்சு வாங்கி நின்றபோது மேலேயிருந்து குழறிய குரல் வந்தது.

"லிஃப்ட் வருதாடி?"

"வருது, வருது! நாலு காலோட வருது!"

அவர்கள் உள்ளே நுழைந்தபோது, அவர் ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.