பதம் தப்பிய கடலைமிட்டாய்

பேருந்து நிலையத்தில் எஸ்.டி.டி. பூத்தோடு பெட்டிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர்தான் என் புதுக் கடலைமிட்டாயை நம்பிக் கடையில் வைத்தவர். மற்றவர்கள், "கோவில்பட்டியில இன்னொரு கடலைமிட்டாயா?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

போன வாரம் அவருக்குப் போட்ட சரக்கில் பாகு பதம் தப்பிவிட்டது. ஒடிய வேண்டிய மிட்டாய் வளைகிறது.

இருக்கும் ஒரே கடையும் போய்விடும் என்ற பயத்தோடு, அவர் கூப்பிடும் முன்பே இன்று காலை போய் நின்றேன்.

"பாய், மிட்டாய் சரியா வரலை. எடுத்துக்கிடுதேன், வேற தாரேன்."

என்னை ஒருமுறை பார்த்தார்.

"சரக்குப் போட எல்லாரும் வாராவ. திருப்பி எடுக்க வந்தது நீங்க மட்டுந்தாம்மா. புதுசக் கொண்டாங்க, முன்னால வைக்கேன்."

கும்பிட்டுவிட்டு ஜாடியைத் தூக்கினேன்.

"ஏம்மா, அதுல கொஞ்சம் விட்டுட்டுப் போங்க. பல்லு போன அண்ணாச்சி ஒருத்தரு, 'நான் கடிக்க மாதிரி இந்த ஊர்ல ஒருத்தராவது போட்டாவளே'ன்னு தெனமும் வந்து வாங்குதாரு!"

பாய்க்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய கவலை, அந்த அண்ணாச்சிக்காகப் பதத்தை மறுபடி அதே அளவுக்குத் தப்பவைப்பது எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.