போடிமெட்டு மழையில் நனையாத எங்கள் வீட்டு அம்பு

என் மூத்த பேரன் மதுரையில் டாக்டருக்குப் படிக்கிறான். அவன் தங்கை கவிதா கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். அஞ்சாவது வரை படித்த கையால் நான் எழுதுவதை இந்தப் பக்கத்தில் ஏற்றுவதும் அவள்தான். சின்னவன் சைக்கிள் போட்டியில் மாவட்டத்திலேயே முதல். இதைச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவேன். என் கொழுந்தன் பெண்டாட்டி பேச்சியும் அப்படித்தான் ஆரம்பிப்பாள்.

போன மாதம் பேச்சியின் பேரன், தன் தாத்தா மலையில் அம்பெய்து பன்றி அடித்த கதையை எழுதியிருக்கிறான். அம்பு யாருடையது என்று ஒரு வரி இல்லை. அதனால் அந்தப் பயணத்தை நானே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், ஒரு ஆடி மாதம். கொழுந்தன் போடிமெட்டுக்கு அப்பால் ஒரு ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார். அவர் போட்ட மரவள்ளியைக் காட்டுப்பன்றி தோண்டித் தள்ளுகிறது என்று ஆள் விட்டிருந்தார். நானும் என் வீட்டுக்காரரும் சிலமலையிலிருந்து போடிக்கு வந்து ஜீப்பு ஏறினோம். மெட்டுக்கு இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு வளைவு. பாதியிலேயே மழை பிடித்துக்கொண்டது.

மூங்கில் குழாயில் அம்புகளை வைத்து நான் மடியில் பிடித்திருந்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன ஆத்தா, புல்லாங்குழலா?"

"ஆமப்பு. பன்னிக்கு வாசிக்கப் போறோம்."

இறகு நனைந்தால் ஒட்டிக்கொள்ளும். அம்பு ஆடிக்கொண்டே போய் எங்கேயோ விழும். அதனால் தேன்மெழுகை விரலில் தேய்த்து இளக்கி, இறகின் மேல் தொட்டும் தொடாமலும் தடவியிருந்தேன். ஈரத்தை இழுத்துக்கொள்ள, குழாயின் அடியில் வறுத்து ஆறிய அரிசி ஒரு துணிமுடிச்சில். குழாய் வாய்க்கு மூடியாகக் கமுகம்பாளைத் தொப்பி.

தோட்டத்து வீட்டில் போய் இறங்கியதும் பேச்சி அதைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு ஓட்டு வீடு, எட்டாவது படிப்பு. ஏலக்காயைப் புகைபோட்டுக் காயவைக்கும் ஸ்டோரின் சாவி வேறு அவள் இடுப்பில். அந்தச் சாவி குலுங்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

"நீங்க குழாயக் கட்டிக்கிட்டு அழுங்கக்கா. எங்க ஸ்டோர்ல ஒரு ராத்திரி வச்சா ஏலக்காயே காயுது, எறகு காயாதா?"

கொழுந்தனின் அம்புகளை ஸ்டோருக்குள் சூட்டில் வைத்துப் பூட்டினாள். அவருடைய அம்பில் இறகு ஒட்டியிருந்தது குங்கிலியப் பசையில். அது சூட்டில் இளகும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. விடிந்து எடுத்தபோது இறகெல்லாம் நன்றாகக் காய்ந்து, தனியாகத் தரையில் கிடந்தது. எனக்கு மனசு குளுகுளுவென்று இருந்தது.

என் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலே குழாயிலிருந்து இரண்டு அம்பை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தார்.

"அதுல நம்ம வெட்டு இருக்கு," என்றேன். எங்கள் அம்புகளில் மூன்று வெட்டு அடையாளம் உண்டு.

"சும்மா இரு. வெரசா போகணும்," என்றார்.

தூறலிலேயே பன்றி வந்தது. அடித்தது கொழுந்தன். அம்பு ஒரு விரல்கூட விலகவில்லை.

எங்கள் வழக்கத்தில், பாய்ந்த அம்பு எந்த வீட்டுடையதோ, பன்றித் தலை அந்த வீட்டுக்கு. பேச்சி தலைக்குப் பாத்திரத்தோடு வந்து நின்றாள். நான் அம்பைத் துடைத்து வெட்டைக் காட்டினேன். கொழுந்தனே சொன்னார்: "அம்பு அண்ணனோடது. தல அங்கதான் போகணும்."

பேச்சி பாத்திரத்தை என் கையிலேயே கொடுத்தாள். "எடுத்துக்கங்கக்கா. தல உங்களுக்கு. பேரு எங்க வீட்டுக்காரருக்கு இருக்கட்டும்."

அன்று நான் வைத்த குழம்பில் எனக்கு உப்பும் தெரியவில்லை, உறைப்பும் தெரியவில்லை. அவள் சொன்னபடியேதான் ஆனது. இன்றுவரை பேர் அங்கேதான் இருக்கிறது.

மலைக்குப் போகிறவர்கள் ஆடியில் கம்பளி கொண்டுபோங்கள், மத்தியானத்துக்கு முன்பே வளைவு ஏறிவிடுங்கள். வேட்டைக்கு இப்போது தடை. வில்லோடு யாரும் கிளம்ப வேண்டாம். பந்தயத்துக்கு வில் பழகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: இறகு நனைந்தால் நெருப்பில் காட்டாதீர்கள். அம்பை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள், தண்ணீர் தெறித்துப் போகும்.

கவிதா, மேலே நீ போட்டிருக்கும் பழைய படத்தில் பேச்சி முன்னால் நிற்கிறாள், அவள் தோளுக்குப் பின்னால் என் பாதி முகம். அதை எடுத்துவிடு. ஞாயிற்றுக்கிழமை வந்து புதுப்படம் ஒன்று எடுத்துப் போடு. அம்பு என் கையில் இருக்கட்டும். மூன்று வெட்டும் தெரியவேண்டும்.