தாய்மாமன் நாற்காலி

பிள்ளைகளா, பேரையூர் போகிற வழியில் நான் வந்த பஸ் பழுதாகி நிற்கிறது. வெயிலில் பருத்திக்காடு தண்ணீர் மாதிரி மினுங்குகிறது. ரோட்டோரக் கோயிலில் ஒரு பாப்பாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் உட்காரும் நாற்காலி மட்டும் காலியாக இருக்கிறது. அதன் பின்னால் ஒரு நடிகர் பேனரில் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

பாப்பாவின் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அந்த நடிகரைத்தான் அண்ணனாக நினைத்து, பத்திரிகை அனுப்பிவிட்டு, ரோட்டையே பார்த்து நிற்கிறாள்.

"இந்தா வாராருல்ல ஹெலிகாப்டர்ல, ஒங்கண்ணன்!" என்கிறார் அவள் புருஷன்.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க. எங்கண்ணன் வராம இருக்க மாட்டாரு."

நல்ல நேரம் முடியப் போகிறதென்று காது குத்தும் ஆசாரி அவசரப்படுத்துகிறார். அவள் முகம் வாடிப்போகிறது. வேப்பமர நிழலில் ஒதுங்கி நிற்கும் என்னிடம் வருகிறாள்.

"அண்ணே, அவரு வர்ற வரைக்கும் நீங்க செத்த உக்காருறீகளா?"

உட்காருகிறேன். பாப்பா என் மடியில் வீரிட்டு அழுகிறாள். அப்போதும் அம்மாவின் கண் ரோட்டில்தான் இருக்கிறது.

சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கண்ணயர்ந்த பிறகு, நான் மட்டும் எழுந்து ரோட்டு வளைவு வரை நடக்கிறேன். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, கார் ஏதும் வருகிறதா என்று பார்க்கிறேன்.