சங்கிலியை இழுத்த மதியம்

ஹெப்பாள் தொழிற்சாலையில் எனக்கு முதல் ஷிப்ட். மதியம் வீடு திரும்பியதும் எங்கள் நாயோடு நடக்கப் போவேன். குளிர்காலத்தில் பழகிய அந்த நேரத்தை ஏப்ரலிலும் நான் மாற்றவில்லை.

ஒருநாள் நாய் தார் ரோட்டில் கால்களை மாற்றி மாற்றித் தூக்கியபடி நின்றுவிட்டது. அடம்பிடிக்கிறது என்று நினைத்துச் சங்கிலியை இழுத்தேன்.

கூட வந்த மகள் கத்தினாள். “இழுக்காதீங்கப்பா! ஷூவைக் கழட்டிட்டு நீங்க நில்லுங்க பாப்போம்.”

நின்றேன். உடனே துள்ளினேன்.

“ஷிப்ட் உங்களுக்குத்தானேப்பா? அது ஏன் இந்த வெயில்ல நடக்கணும்?”

நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பாதங்களில் தண்ணீர் ஊற்றினேன். நல்லவேளை, கொப்புளம் இல்லை.

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் ரோட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், சூடு இல்லை. இனி நாய் என்னோடு வருமா என்று பயமாக இருந்தது. வாசலில் தயங்கிய நாய், ஒரு காலை மெல்ல வைத்துப் பார்த்துவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு ஓடியது.